குழந்தைக்காகப் பேச ஒருவர்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கொமரலிங்கத்தில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



ஒரு கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. நிலமும் பொருளும் படைத்தோர் தொடங்கும் அமைப்புகளே சில ஆண்டுகளில் தளர்ந்து போவதைக் காண்கிறோம். அன்றாடக் கூலியில் வாழும் மக்கள், அக்கூலியில் ஒரு பங்கை எடுத்து வைத்து இக்கழகத்தைக் காத்து வந்திருக்கின்றனர். அமராவதி ஆற்றங்கரையில் பிறர் வயலில் நாற்று நட்ட கைகளும், பிறர் தோட்டத்தில் கரும்பு வெட்டிய கைகளும் சேர்ந்து கட்டிய கழகம் இது. அதன் வெள்ளி விழாவில் வாழ்த்து மட்டும் சொல்லிவிட்டுச் செல்ல என் மனம் ஒப்பவில்லை. உங்களிடம், குறிப்பாக இளைஞர்களிடம், ஒரு பணியைக் கேட்டுப் பெறவே வந்திருக்கிறேன்.

இதுகாறும் நம் கழகம் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு உதவியது. மாலை வகுப்பு நடத்தினோம், நோட்டுப் புத்தகம் வழங்கினோம், விடுதியில் சேர்த்துவிட்டோம், உதவித்தொகைப் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். இவை யாவும் நற்பணிகளே. ஆனால் பள்ளிக்கே வர இயலாத பிள்ளை ஒன்று உண்டு. தாயும் தந்தையும் இறந்த பிள்ளை. தந்தை இறந்து, தாய் நோயில் விழுந்த பிள்ளை. முன்பணம் வாங்கிய பெற்றோருடன் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராய்ப் போகும் பிள்ளை. பனியன் கம்பெனியில் கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் அனுப்பப்படும் பிள்ளை. பதினாறு வயதில் மணமேடைக்கு இழுக்கப்படும் பெண்பிள்ளை. இப்பிள்ளைகளுக்காக அரசு அலுவலகத்தில் பேசுவார் யார்? அவர்கள் பக்கத்தில் நிற்பார் யார்? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைகளைக் காக்கும் சட்டம் நமக்குப் புதிதன்று. சென்னை மாகாணம் 1920ஆம் ஆண்டிலேயே சிறுவர் சட்டம் இயற்றியது. இந்தியாவில் அவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 1992 டிசம்பரில் இந்தியா அதில் இணைந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம். 2021இல் அது திருத்தம் பெற்றது.

இச்சட்டத்தின்படி 18 வயது நிறையாத அனைவரும் குழந்தைகளே. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை எதுவாயினும், அதைப் பற்றி முடிவு செய்யும் அதிகாரம் மாவட்டத்தின் குழந்தைகள் நலக்குழுவுக்கு உரியது. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்ட குழு அது. உறுப்பினருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் அக்குழுவின் அமர்வுக்கு உண்டு. குழந்தை கிடைத்த 24 மணி நேரத்திற்குள், பயண நேரம் நீங்கலாக, அதனைக் குழுவின் முன் கொண்டுவருதல் வேண்டும். சமூக விசாரணை 15 நாட்களில் முடிய வேண்டும். நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்கப்பட வேண்டும்.

அந்த ஆணை எவ்வாறு அமையலாம்? குழந்தையைச் சொந்தக் குடும்பத்துடன் சேர்த்து வைக்கலாம். சேர்த்து வைத்து, வறுமையினால் மீண்டும் பிரியாதிருக்க மாதந்தோறும் நிதி ஆதரவு தரலாம். சொந்தக் குடும்பம் இயலாதெனில், தகுந்த வேறொரு குடும்பத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு விடலாம். பெற்றோரோ உறவினரோ அற்ற குழந்தையாயின் தத்துக்கு உரியதென அறிவிக்கலாம். இவை எதற்கும் வழியில்லாதபோதுதான் இல்லத்தில் சேர்த்தல் வேண்டும். இல்லம் கடைசி வழியே என்பது இச்சட்டத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. மற்றொரு நெறி, தன்னைப் பற்றிய முடிவில் குழந்தையின் சொல்லும் கேட்கப்பட வேண்டும் என்பது.

வளர்ப்புப் பராமரிப்பு என்ற சொல் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். அது தத்தெடுப்பன்று. பெற்றவரின் உரிமை அதனால் அற்றுப்போவதில்லை. குழு தடுத்தாலொழிய, பெற்றோர் குறித்த இடைவெளியில் வந்து பிள்ளையைப் பார்க்கலாம். உடன்பிறந்தாரைப் பிரிக்காதிருக்க எல்லா முயற்சியும் செய்தல் வேண்டும். மாதந்தோறும் குழந்தையின் நலம் பார்வையிடப்பட வேண்டும். 2022 முதல் நடைபெறும் வாத்சல்யா திட்டத்தின் கீழ், நிதி ஆதரவுக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கும் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் வகுக்கப்பட்டுள்ளது. நிதி ஆதரவு பெறக் குடும்ப ஆண்டு வருமானம் கிராமப் பகுதியில் 72,000 ரூபாய்க்கும், பிற பகுதிகளில் 96,000 ரூபாய்க்கும் மிகாதிருத்தல் வேண்டும்.

சட்டத்திற்கும் சேரிக்கும் இடைவெளி

சட்டம் இவ்வளவு கூறியும் நம் பிள்ளைக்கு வந்து சேர்வது என்ன? நலக்குழு அமர்வது திருப்பூரில். இங்கிருந்து மடத்துக்குளம், உடுமலை எனப் பேருந்து மாறி மாறிப் போய்த் திரும்ப ஒரு நாள் முழுதும் செல்கிறது. அந்நாளின் கூலியும் போகிறது. இரு பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு களையெடுக்கப் போகும் ஒரு அம்மிச்சியை எண்ணிப் பாருங்கள். மகளின் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்று என இத்தனையும் கேட்கப்படுகின்றன. ஒன்றில் பெயர் ஒருவிதம், மற்றொன்றில் வேறுவிதம். ஒரு முறை போய்த் திரும்பி, இரண்டாம் முறையும் போய்த் திரும்பி, மூன்றாம் முறை அவர் போவதில்லை. தமக்கு உரிமையாக வரவேண்டிய தொகை ஒன்று உண்டென்பதையும் மறந்துவிடுகிறார். அதன் பிறகு மூத்த பிள்ளை மில் வண்டியில் ஏறுகிறது. இளைய பிள்ளை எங்கோ ஓர் இல்லத்திற்குப் போகிறது.

இல்லங்கள் எல்லாம் தீயவை என்று நான் கூறவில்லை. போக்கிடம் அற்ற குழந்தைக்கு நல்ல இல்லம் ஓர் அடைக்கலமே. ஆனால் கண்காணிப்பு இல்லாத இல்லம் எவ்வளவு கொடிது என்பதைத் தமிழ்நாடு அறிந்திருக்கிறது. மாமல்லபுரத்து இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானது பற்றி எழுந்த புகாரை உச்ச நீதிமன்றம் 2007இல் பொதுநல வழக்காக ஏற்றது. பத்தாண்டு நடந்த அவ்வழக்கில் 2017 மே திங்களில் தீர்ப்பு வந்தது. நாட்டிலுள்ள குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் அவ்வாண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டுமென நீதிமன்றம் ஆணையிட்டது. நம் மாவட்டத்திலேயே, 2022 அக்டோபரில், திருமுருகன்பூண்டியில் இருந்த தனியார் சிறுவர் இல்லமொன்றில் உண்ட உணவு நஞ்சாகி மூன்று சிறுவர்கள் மாண்டனர்; பலர் மருத்துவமனையில் கிடந்தனர். அவ்வில்லத்தை மூட அரசு ஆணையிட்டது. மூடிய கதவு மாண்டவரை மீட்டுத் தருமா? ஒரு குழந்தை இல்லத்தில் இருக்கிறதென்றால், அதனை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து, ‘சாப்பிட்டாயா? யாரேனும் அடிக்கிறார்களா? பள்ளிக்குப் போகிறாயா?’ என்று கேட்பதற்கு வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். கேட்பார் உண்டென்று தெரிந்த இடத்தில் கொடுமை எளிதில் தலைதூக்காது.

ஒருவர் பேசியதால் விளைந்தது

பாபாசாகேப் அம்பேத்கரின் இளமையை நாம் விழாதோறும் நினைவுகூர்கிறோம். தாயார் பீமாபாய் மறைந்தபோது அவர் ஐந்தாறு வயதுச் சிறுவர். அவரை வளர்த்தவர் தந்தையின் உடன்பிறந்தாரான மீராபாய். நம் தெருக்களில் அத்தை வளர்த்த பிள்ளை, அம்மிச்சி வளர்த்த பிள்ளை என்கிறோமே, அத்தகைய பிள்ளைதான் அவரும். இன்றைய சட்டமும் இத்தகைய உறவினர் பராமரிப்பை ஆதரிக்கிறது.

பம்பாயில் அவர் மாணவராக இருந்தபோது, பூங்காவில் தனியே அமர்ந்து படிக்கும் சிறுவனைக் கண்டு பேச்சுக் கொடுத்தார் ஓர் ஆசிரியர். கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலூஸ்கர் என்பது அவர் பெயர். அவர் உறவினர் அல்லர். நம் சமூகத்தைச் சார்ந்தவரும் அல்லர். படிக்க நூல்கள் தந்தார். 1907இல் மெட்ரிக் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாக அளித்தார். மேற்கொண்டு படிக்கப் பொருளில்லாத நிலை வந்தபோது, பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடிடம் அந்த இளைஞருக்காகப் பேசினார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் அம்பேத்கர் பட்டதாரியானார்.

எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! அறிவு அம்பேத்கருடையது; உழைப்பும் அவருடையதே. கெலூஸ்கர் செய்தது மூன்றே செயல்கள். அச்சிறுவனைக் கவனித்தார், இடையில் கைவிடாமல் தொடர்ந்தார், பேசவேண்டிய இடத்தில் பேசினார். நான் உங்களிடம் கேட்கும் பணியும் இம்மூன்றுதான்.

அயல்நாட்டில் இதனை ஒரு முறையாகவே அமைத்திருக்கின்றனர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி இருந்தார். கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளான குழந்தைகளின் வாழ்வைத் தீர்மானிக்கும் பொறுப்பு அவருடையது. அக்குழந்தையைப் பற்றி முழுதும் அறிந்து சொல்ல நீதிமன்றத்தில் எவருமில்லை என்ற குறை அவரை உறுத்தியது. 1977இல் பொதுமக்களிலிருந்து தன்னார்வலரைத் தேர்ந்து பயிற்சி அளித்து, குழந்தைக்காக நீதிமன்றத்தில் பேச அமர்த்தினார். அத்திட்டம் அந்நாடு முழுதும் பரவியது. அவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர். ஆசிரியர், எழுத்தர், இல்லத்தரசி போன்ற எளிய மக்கள். குழந்தையைச் சந்தித்து, பள்ளியிலும் வீட்டிலும் விசாரித்து, அறிந்ததை நீதிபதியிடம் கூறுவதே அவர்தம் பணி.

நமக்குத் திறந்துள்ள வழிகள்

நம் நாட்டில் அப்பெயரில் ஒரு பதவி இல்லை. ஆயினும் வழிகள் பல திறந்தே உள்ளன.

முதலாவது, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை நலக்குழுவின் முன் கொண்டுசெல்லக் காவலருக்கும் அலுவலருக்கும் மட்டுமன்றி, சமூக ஊழியருக்கும் பொதுநல நாட்டமுள்ள குடிமகனுக்கும் அது உரிமை தருகிறது. அந்தக் குடிமகன் நீங்களாக இருக்கலாம். ஆதரவின்றித் தனித்து நிற்கும் குழந்தையைக் கண்டும் 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்காதிருப்பது குற்றம் என்பதையும் அதே சட்டம் கூறுகிறது. 1098 என்ற தொலைபேசி எண் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, கிராமங்களிலும் வார்டுகளிலும் அமையும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு. அதில் ஊர் மக்களுக்கும் குழந்தைகளின் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. அவ்விடத்தைக் கேட்டுப் பெறுங்கள். கூட்டம் முறையாகக் கூடவில்லையெனில், ஏன் கூடவில்லையென எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, சட்டப்பணிகள் ஆணைக்குழு. 2009 முதல் சட்டம் சார்ந்த தன்னார்வலர்களை அது தேர்ந்து பயிற்சி அளித்து வருகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெற உரியவர்கள். இதனை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்?

நான்காவது, வளர்ப்புக் குடும்பமாக முன்வருதல். 2024இல் வெளியான புதிய நெறிமுறைகளின்படி, மணமானவரேயன்றித் தனித்து வாழ்வோரும், 35 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவராயின், ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை வளர்க்க விண்ணப்பிக்கலாம். தனித்த ஆடவர்க்கு ஆண்பிள்ளை மட்டுமே தரப்படும். நம் சமூகத்து ஆசிரியர்களும் அலுவலர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் பிள்ளை பிறர் வீட்டில் தட்டு வேறு, பாய் வேறு என வளரவேண்டிய நிலை ஏன் வரவேண்டும்?

தன்னார்வலர் செய்ய வேண்டியவை

ஒருவர் ஒரு குழந்தையை மட்டும் பொறுப்பேற்றால் போதும். பத்துக் குழந்தைகளின் பெயரை எழுதி வைத்து ஒன்றையும் பாராதிருப்பதைவிட அது மேலானது. முதலில் குழந்தை சொல்வதைக் கேளுங்கள். அது விரும்புவதை உங்கள் விருப்பத்தோடு கலவாமல் குறித்து வையுங்கள். பிறகு பள்ளி, அங்கன்வாடி, சுகாதாரச் செவிலியர், பாட்டி, அத்தை எனக் குழந்தையை அறிந்தோர் அனைவரிடமும் விசாரியுங்கள். சான்றிதழ்களை ஒன்று சேருங்கள். சாதிச் சான்றிதழை மறவாதீர்கள். இல்லத்திற்குப் போன பிள்ளை பின்னாளில் அச்சான்று இன்றி உதவித்தொகையும் இடஒதுக்கீடும் இழந்து நிற்றல் கூடாது. குழு அமரும் நாளில் குடும்பத்தாருடன் செல்லுங்கள். அவர்கள் அஞ்சிப் பேச்சிழக்கும்போது, நடந்ததை நடந்தவாறே எடுத்துரையுங்கள். கூறுவதை எழுத்திலும் கொடுத்து, ஒப்புகை பெறுங்கள். ஆணை வந்தபின் அது நிறைவேறுகிறதா, பணம் கணக்கில் ஏறுகிறதா எனப் பாருங்கள். 18 வயது நிறைந்ததும் பிள்ளை நடுத்தெருவில் நிற்கலாகாது. இல்லத்திலிருந்து வெளியேறுவோர்க்குப் பின்பராமரிப்பு உண்டு என்பதைச் சொல்லி, அதைப் பெற்றுத் தாருங்கள்.

செய்யலாகாதவையும் சில உண்டு. இரக்கம் மேலிட்டுக் குழந்தையை உங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று வைத்துக்கொள்ளாதீர். பிள்ளையில்லாத தம்பதியர்க்கு நேராகக் கைமாற்றிக் கொடுத்தல் சட்டப்படி குற்றம். அதில் பணமும் கைமாறினால் குழந்தை விற்பனை ஆகிவிடும். குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதும் குற்றமே. நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் எடுத்துப் பரப்புவது உதவியன்று; அக்குழந்தையின் நெற்றியில் அனாதை என்று எழுதுவதாகும். டீக்கடையில் அதன் கதையைப் பேசாதீர். குழந்தையை எவரும் தனித்து மறைவில் சந்தித்தல் கூடாது. பிறர் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே சந்தியுங்கள். நிறைவேற்ற இயலாத வாக்கு எதையும் தராதீர். எல்லாவற்றினும் மேலாக, இரண்டு மாதம் போய்ப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர். பலரால் கைவிடப்பட்ட பிள்ளையை மற்றுமொருவர் கைவிடுவதைவிடப் போகாமலே இருந்திருக்கலாம்.

இரண்டு தடைச் சொற்கள்

‘இது அரசின் வேலை, நமக்கென்ன?’ என்று சிலர் கேட்பர். அரசின் வேலைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பள்ளி நடத்துவதும் அரசின் வேலையே. அரசு செய்யும்வரை காத்திராமல் 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். எல்.சி. குருசாமி அருந்ததியர் பிள்ளைகட்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். சட்டமன்றத்திலும் அவர்கட்காகப் பேசினார். நம் முன்னோர் அரசைக் கேட்டுக்கொண்டே தாமும் செய்தனர். அந்த வழியே நமக்கும் வழி.

‘குடும்ப விவகாரத்தில் தலையிடலாமா?’ என்று வேறு சிலர் கேட்பர். இக்கேள்வி வெளியாரிடமிருந்து வருவதில்லை, நம்மவரிடமிருந்தே வரும். நம் பெண்பிள்ளைக்குப் 18 வயதுக்கு முன் மணம் பேசும்போது, திருமணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவார்கள் என்று மூன்றாண்டு மில் விடுதிக்கு அனுப்பும்போது, அறிந்தும் வாய்மூடி இருந்தவர் நம்மிடையே இல்லையா? பெற்றோரைப் பழிப்பது என் நோக்கமன்று. வறுமை அவர்களை அவ்வழியில் தள்ளுகிறது. ஆதலால் பெற்றோருக்கு எதிரியாக நீங்கள் செல்லவேண்டாம், உதவியாளராகச் செல்லுங்கள். நிதி ஆதரவுக்கு வழிகாட்டினால், பெரும்பாலும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வர். அவ்வாறும் கேளாத இடத்தில் குழந்தையின் பக்கம் நிற்பதே நம் கடமை. தெருவுக்கு வெளியே சமத்துவம் கேட்கும் நாம், தெருவுக்கு உள்ளே ஒரு பெண்பிள்ளையின் குரலை அடக்கினால், நம் கோரிக்கைக்கு வலிமை ஏது?

கழகத்திற்கு என் வேண்டுகோள்

வெள்ளி விழாவின் நினைவாகக் கட்டடம் எழுப்பலாம், கல்வெட்டுப் பதிக்கலாம். அவற்றோடு இதனையும் செய்யுமாறு நிர்வாகிகளை வேண்டுகிறேன். ஐந்து இளைஞரும் ஐந்து இளம்பெண்களும் முன்வரட்டும். ஆளுக்கு ஒரு குழந்தை, இரண்டாண்டுப் பொறுப்பு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமும் முறைப்படி பயிற்சி கேட்டுப் பெறுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பதின்மரும் கூடிக் கணக்குச் சொல்லுங்கள். குழந்தையின் பெயர் அறை வாசலைத் தாண்டலாகாது. திருப்பூர் சென்றுவரப் பேருந்துக் கட்டணமும், உடன் வரும் பாட்டிக்கு அன்றைய கூலியும் கழகம் தரட்டும். இதற்கெனச் சிறு நிதியொன்று வைத்தால் போதும், பெரும்பொருள் வேண்டியதில்லை.

இளைஞர்களே! படித்தவர் உயர்ந்து ஊரைவிட்டுப் போய்விடுகிறார் என்ற குறை நம்மீது உண்டு. அக்குறையை நீக்கும் வாய்ப்பு இது. படிவம் நிரப்பத் தெரிந்த கையும், அலுவலரின் முன் நடுங்காத நாவும் உங்களுக்குக் கல்வியால் வந்தவை. அக்கல்வியைத் தந்தது இக்கழகம். இக்கழகத்தைத் தந்தது இச்சேரி. கடனைத் திருப்பிச் செலுத்த நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே ஒரு பிள்ளை காத்திருக்கிறது. இன்று மாலை கூட்டம் கலையுமுன் பெயர் கொடுப்போர் கழகச் செயலாளரிடம் கொடுத்துச் செல்ல வேண்டுகிறேன்.